சும்மா நிற்கப் போகும் என் மகனுக்கு

தம்பி,

நீ வாசலில் நின்று இரண்டு தரம் சொன்னது எனக்குக் கேட்டது. "அம்மா, போயிட்டு வரேன்" என்று முதல் தரம் சாதாரணமாகச் சொன்னாய். இரண்டாம் தரம் கொஞ்சம் சத்தமாக. நான் கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லருகே நின்று, ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்திருந்த குக்கரை மறுபடியும் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "பாத்ரூம்ல இருக்கா போலடா, நீ கிளம்பு, ஏர்போர்ட்டுக்கு நேரமாச்சு" என்று உன் அப்பா சொன்னதும் கேட்டது. பஸ் டெப்போவில் டைம் கீப்பராகவே காலம் தள்ளிய மனுஷனுக்குப் பெற்ற பிள்ளையும் ஒரு வண்டிதான், நேரத்துக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும். கேட் சத்தம் கேட்டது. கார் கிளம்பியது. உள்ளே வந்து பார்த்தால், உனக்காகப் போட்ட காபி சமையல் மேடையில் டம்ளரோடு ஆறிக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். இரண்டு நாளாக எழுதுகிறேன், இன்னும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை உன் கப்பல் கிளம்புகிறது. செவ்வாய்க்கிழமைக்குள் கூரியரில் கிடைத்துவிடும் என்கிறார் அப்பா. ஃபோனில் பேசிவிடலாமே என்றும் கேட்டார். ஃபோனில் பேசினால் நீ நடுவில் பேசுவாய், எனக்குக் கோபம் வரும், மறுபடியும் குக்கர்தான். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உன் அலுவலகத்தில் உன்னோடு உட்கார்ந்து வேலை பார்க்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் நீ இதைக் காட்டலாம், அதற்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அதனால் கப்பலின் பெயரையோ நாட்டின் பெயரையோ நான் எழுதவில்லை. நீயும் என்னிடம் ரகசியம் எதுவும் சொல்லவில்லை, பேப்பரில் வருவதைத்தான் சொன்னாய் என்று உன் மேலதிகாரிகளுக்கும் தெரியட்டும்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் என்ன நடந்தது என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். மூன்று வருஷமாக இந்த அலுவலகத்தில் என்ன வேலை பார்க்கிறாய் என்று நான்தான் கேட்டேன். நீ உற்சாகமாகக் குழம்புச் சட்டியை நடுவில் இழுத்து வைத்தாய். அதுதான் அந்தத் தீவு நாடு. தயிர்க் கிண்ணம் அதன் மேல் கண் வைத்திருக்கும் பெரிய நாடு. உப்பு ஜாடி நம் கடற்படைக் கப்பல். எந்தக் கப்பலை எந்தத் துறைமுகத்துக்கு எப்போது அனுப்புவது, எத்தனை நாள் நிறுத்துவது, அங்கே யார் யாரை மேல்தளத்துக்கு விருந்துக்குக் கூப்பிடுவது, எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கப்பல் பார்க்க அழைப்பது, எங்கே மருத்துவ முகாம் போடுவது, திரும்பும் வழியில் யார் கண்ணில் படுகிற மாதிரி வருவது, இவ்வளவையும் எழுதிக் கொடுப்பது உன் வேலை. ஒரு குண்டு சுடாமல், ஒரு கடுஞ்சொல் சொல்லாமல், இன்னொரு நாட்டின் மனத்தை நம் பக்கம் திருப்புவது. கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உன் அப்பா அந்த நேரம் பார்த்துக் கப்பலைத் தூக்கி மோரில் உப்புப் போட்டுக்கொண்டார். நாம் மூன்று பேரும் சிரித்தோம்.

"இந்த தடவ நானே போறேன்மா. கப்பல் துறைமுகத்துல நிக்கிற வரைக்கும் நாங்க பத்துப் பேர் கரையில இருப்போம். முகாம் நாங்கதான் பாத்துக்கறோம்."

"கரையிலன்னா எங்க?"

"அங்க ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் இருக்காரு. மெயில்லயே பழக்கம். ரொம்ப நல்ல மனுஷன்மா. தன் வீட்டு முன்னாடி இருக்கிற இடத்தையே முகாமுக்குக் குடுத்திட்டாரு. எங்களுக்குன்னு தண்ணித் தொட்டியெல்லாம் கட்டி வச்சிருக்காரு, போட்டோ அனுப்பினாரு."

அங்கேதான் நான் பரிமாறுவதை நிறுத்தினேன். எத்தனை நாள் என்று கேட்டேன். "ஆறு நாள்னு போட்ருக்கோம். தேவைப்பட்டா நீட்டிக்கலாம். வேற வேலை வந்தா ரெண்டாம் நாளே கூட கிளம்பிடலாம். கப்பலோட வசதியே அதானம்மா. எப்ப வேணா வரலாம், எப்ப வேணா போலாம். யாருக்கும் கட்டுப்பட வேணாம்." நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்.

"போறப்ப யாரு சொல்லுவா?" என்றேன்.

"யார்கிட்ட?" என்றாய்.

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் கரண்டியை மேசையில் போட்டேன். "இதுக்குப் பேரு பிளானா? இத்தன வருஷம் படிச்சு இதத்தான் கத்துக்கிட்டியா?" என்று கத்தினேன். என்ன தவறாகச் சொன்னோம் என்றே உனக்குப் புரியவில்லை. முகம் சிவந்து, "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா. இது ஸ்ரீரங்கம் பந்தோபஸ்து இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். அம்மாவுக்குக் கடல் பயம், அதைக் கோபமாகக் காட்டுகிறாள் என்று நீ அப்பாவிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பயம் உண்மைதான். ஆனால் கடல் பயம் இல்லை, தம்பி. எனக்குக் கரைதான் பயம்.

உன் வேலையும் என் வேலையும் ஒன்றுதான் என்று நீ ஒருநாளும் யோசித்திருக்க மாட்டாய். காவல்துறையில் ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை, யார் எங்கே நிற்க வேண்டும் என்று எழுதுகிறவர். வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் திறக்கும்போது ராஜகோபுரத்திலிருந்து சித்திரை வீதி, உத்தர வீதி வரைக்கும் எந்த மூலையில் எத்தனை பேர், எந்தக் கயிற்றுப் பக்கம் பெண் காவலர், தண்ணீர் எங்கே, ஆம்புலன்ஸ் எங்கே என்று பந்தோபஸ்து ஸ்கீம் எழுதுவது நான். கையெழுத்துப் போடுவது அதிகாரி. பிரச்சினை இருக்கும் ஊர்களில் ஒரு வேன் போலீசைக் கொண்டுபோய் நிறுத்துவோமே, பிக்கெட் என்று, அதையும் நான்தான் எழுதுவேன். யாரையும் அடிக்க வேண்டாம், பிடிக்க வேண்டாம். சும்மா நிற்க வேண்டும். நிற்பதைப் பார்த்தே ஊர் அடங்கும். நீ உப்பு ஜாடியை வைத்துச் சொன்ன அதே கதை, என் கையில் வேனாக இருந்தது.

நிற்பதற்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்கு நீயே சாட்சி. ஒன்பதாவது படிக்கும்போது பஸ்ஸில் நாலைந்து பையன்கள் உன் பையைப் பிடுங்கி விளையாடினார்கள், ஞாபகம் இருக்கிறதா? நான் யாரிடமும் புகார் சொல்லவில்லை. யூனிஃபார்மோடு கே.கே. நகர் பஸ் ஸ்டாப்பில் வந்து மூன்று நாள் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பையன்களே உன் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து நாலாம் நாளிலிருந்து என் வேலையைப் பார்க்கப் போனேன். நீ காலேஜ் போன பிறகுதான் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய், "அந்த வருஷம் முழுக்க எம் பக்கத்துல யாரும் உக்காரலம்மா, போலீஸ்காரம்மா பையன்னு." மூன்று நாள் நின்றதற்கு நீ ஒரு வருஷம் தனியாக உட்கார்ந்திருக்கிறாய். நிற்பதற்கு முன்னால் நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை, போன பிறகு என்ன ஆனது என்று விசாரிக்கவுமில்லை.

அது என் பிள்ளையோடு போன தவறு. இனி சொல்லப்போவது அப்படிப் போகவில்லை. உன் அப்பாவுக்கும் இன்றுவரை தெரியாது. எழுதி முடித்ததும் அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் உறையை ஒட்டுவேன்.

உப்பிலியபுரம் தாண்டிப் பச்சைமலை அடிவாரத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், அந்த மனிதர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். மலையிலிருந்து வரும் தண்ணீர் ஏரியில் நிற்கும். ஏரி மடையை எப்போது திறப்பது என்று கிழக்குத் தெருவுக்கும் மேற்குத் தெருவுக்கும் சண்டை. ஒரு மண்டை உடைந்த பிறகு பிக்கெட் போடச் சொல்லி உத்தரவு வந்தது. இடம் பார்க்க ஜீப்பில் நானும் போனேன். ஏரிக்கரை ஓரமாக, இரண்டு தெருவும் சேரும் இடத்தில் ஒரு பெரிய புங்க மரம், அதை ஒட்டி ஒரு டீக்கடை, பக்கத்தில் அடிபம்பு. கடை வைத்திருந்தது செல்லம்மாள் என்ற பெண், அப்போது என் வயதுதான் இருக்கும். புருஷன் இல்லை. மகளைத் துறையூரில் கட்டிக் கொடுத்திருந்தாள். அவள் இரண்டு தெருவுக்கும் பொது. கிழக்குத் தெரு பெஞ்சு ஒன்று, மேற்குத் தெரு பெஞ்சு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் அவள். வெயிலில் வேனை நிறுத்தினால் ஆட்கள் மத்தியானத்துக்குள் சுருண்டுவிடுவார்கள் என்று நான் அந்தப் புங்க மரத்தைக் காட்டினேன். "நிழலு இருக்கு, தண்ணி இருக்கு, டீ இருக்கு, வேற என்னம்மா வேணும்" என்று டிரைவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஸ்கீமில் எழுதினேன்: ஏரிக்கரை, புங்கமரம் அருகில், ஒரு வேன், எட்டுப் பேர்.

பதினெட்டு நாள் வேன் அங்கே நின்றது. ஊர் அமைதியாக இருந்தது. அதிகாரி என்னைப் பாராட்டினார். ஆனால் அந்த வேனை ஊர் எப்படிப் பார்த்தது என்று எங்களில் ஒருவரும் போய்க் கேட்கவில்லை. நமக்காக வந்திருக்கிறார்கள் என்று கிழக்குத் தெரு நினைத்தது. கிழக்குத் தெருவுக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று மேற்குத் தெருவும் நினைத்தது. ஒரே வேன், ஒரே எட்டுப் பேர். நம் ஆட்கள் செல்லம்மாள் கடையில் டீ குடித்தார்கள், அவள் பிளக்கில் ஃபோன் சார்ஜ் போட்டார்கள், மழை வந்தால் அவள் கொட்டகையில் ஒதுங்கினார்கள். அவளும் வாய் நிறைய "வாங்க தம்பி, உக்காருங்க தம்பி" என்று கவனித்திருக்கிறாள். முதல் வாரத்திலேயே மேற்குத் தெரு பெஞ்சில் உட்கார ஆள் வரவில்லை. அவள் அதை ஏட்டிடம் சொல்லியிருக்கிறாள். ஏட்டு, "நாங்க இருக்கோம்ல, பயப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். தம்பி, அந்த "நாங்க இருக்கோம்" என்ற வார்த்தையை அவர் என் பெயரிலும்தான் சொன்னார். அது எத்தனை நாளுக்குச் செல்லும் என்று என் ஸ்கீமில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

ஏகாதசி வந்தது. ஸ்ரீரங்கத்துக்கு ஆள் போதவில்லை. எந்த வருஷமும் போதாது, அந்த வருஷமும் போதவில்லை. எங்கிருந்து எட்டுப் பேரைக் கிள்ளி எடுப்பது என்று பட்டியலைப் புரட்டினேன். பதினெட்டு நாளாகச் சத்தமில்லாத ஊர் கண்ணில் பட்டது. பென்சிலால் அந்த வரியை அடித்தேன். வடக்குச் சித்திரை வீதியில் எட்டுப் பேரைச் சேர்த்து எழுதினேன். அதிகாரி இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டார், படித்தாரா என்று எனக்குத் தெரியாது. அரை நிமிஷ வேலை. நீ சொன்னாயே, எப்ப வேணா வரலாம், எப்ப வேணா போலாம் என்று. நான் அன்றைக்கு அந்த வசதியைத்தான் பயன்படுத்தினேன்.

மறுநாள் காலையில் வயர்லெஸ்ஸில் உத்தரவு போனதும் வேன் கிளம்பிவிட்டது. அந்த ஊரில் யாரிடமும் யாரும் சொல்லவில்லை. செல்லம்மாள் பின்பக்கம் விறகு எடுக்கப் போயிருக்கிறாள், வந்து பார்த்தால் மரத்தடி காலி. போவதற்கு முன்னால்தான், டீ எடுக்க வருவார்கள் என்று எட்டு டம்ளரில் ஊற்றி வெளிப் பெஞ்சில் வைத்திருந்தாள். அது அப்படியே ஆறிக் கிடந்ததைப் பிறகு விசாரணைக்குப் போனவர்கள் பார்த்தார்கள். மத்தியானம் மேற்குத் தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். மடைக்குப் போகவில்லை, கிழக்குத் தெருவுக்கும் போகவில்லை. நேராக டீக்கடைக்கு வந்தார்கள். "போலீசுக்கு ஊத்திக் குடுத்தியே, எங்கடி உன் போலீசு?" என்று கேட்டிருக்கிறார்கள். கொட்டகையைப் பிரித்துப் போட்டார்கள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பால் அவள் மேல் சரிந்தது. வலது தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெந்துவிட்டது.

செய்தி வரும்போது நான் ஸ்ரீரங்கத்தில் கூட்டத்துக்கு நடுவில், கயிற்றுப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். சுற்றிலும் "ரங்கா, ரங்கா" என்று ஜனங்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். எனக்குக் கை தூக்க முடியவில்லை. நீ கடற்படைக்குத் தேர்வான கடிதம் வந்ததும் அந்த வாரம்தான். வீடு முழுக்க லட்டு. அம்மா ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று கேட்டாய். கழுத்து வலி என்று சொன்னேன். நீ தைலம் தேய்த்துவிட்டாய்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன், சாதாரணச் சேலையில். அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள், இடம் பார்க்க வந்த அம்மா என்று. உட்காரச் சொன்னாள். வேனை எடுத்தது ஏன் என்று கேட்கவில்லை. "உங்களுக்கும் பெரிய கோயில் வேலை இருக்கும், எனக்குத் தெரியாதா? போறோம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் நாலு நாளைக்குக் கடையச் சாத்திட்டு மக வீட்டுக்குப் போயிருப்பேனேம்மா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த வரியை அடித்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மேலிடத்து உத்தரவு என்று சொல்லிவிட்டு, வாங்கிப் போன ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவள் அப்புறம் கடை திறக்கவேயில்லை. மகளோடு துறையூரில் இருக்கிறாள் என்று கேள்வி. நான் திரும்பப் போய்ப் பார்த்ததில்லை. இத்தனை வருஷமாகத் துறையூர்ப் பஸ்ஸைப் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். உன் அம்மா எதற்கும் பயப்படாதவள் என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாய், அதற்காக இதையும் எழுதுகிறேன்.

இப்போது புரிகிறதா, நீ "யார்கிட்ட?" என்று கேட்டபோது எனக்கு ஏன் அப்படிப் பொத்துக்கொண்டு வந்தது என்று? உன் திட்டத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டிக் காத்திருக்கிற வாத்தியார் இருக்கிறார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இரண்டு நாளாக அவரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தீவிலும் இரண்டு தெரு இருக்கும், தம்பி. உங்கள் கப்பலைக் கண்டு சந்தோஷப்படுகிற கட்சி ஒன்று, இவர்கள் யார் இங்கே வந்து நிற்க என்று பல்லைக் கடிக்கிற கட்சி ஒன்று. தயிர்க் கிண்ணத்துக்காரர்களுக்கும் அங்கே ஆள் இருப்பார்கள். எல்லோரும் கப்பலைப் பார்ப்பார்கள், ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வார்கள். கப்பல் இருக்கிறவரை வாத்தியாரை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வேறெங்கோ அவசரம் என்று உங்களுக்கு உத்தரவு வரும். யாரோ ஒருவர் என்னைப் போல ஒரு வரியை அடிப்பார். நீங்கள் போன மறுநாள், அவர் அதே வாசலில் தனியாக நிற்பார்.

அவருக்காக மட்டும் பயப்படுகிறேன் என்று சொன்னால் அது பொய். உனக்காகத்தான் முதலில் பயம். கப்பல் முதலில் கிளம்பிப் போய், நீங்கள் பத்துப் பேர் கரையில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று பயம். இப்போதெல்லாம் பேப்பரில் கடல் என்ற வார்த்தையைக் கண்டாலே முழுவதும் படிக்கிறேன். மழை எங்கே, புயல் எங்கே என்று அப்பாவைப் பார்க்கச் சொல்லித் தொந்தரவு செய்கிறேன். அதோடு இன்னொரு பயமும் இருக்கிறது. நீ பத்திரமாக வந்துவிடுவாய், உனக்கு மெடல்கூடக் கொடுப்பார்கள். ஒரு வருஷம் கழித்து அந்த வாத்தியாருக்கு ஏதோ ஆகிவிட்டதென்று ஒரு மெயில் வரும். அதற்கப்புறம் நீயும் என்னைப் போல எதையாவது பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருஷக்கணக்காக வாழ வேண்டியிருக்கும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, ஓய்வு பெறுகிறவரை நான் எழுதிய ஸ்கீமில் எல்லாம் கடைசியில் ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும். ஆட்களை எப்போது எடுப்போம், எடுப்பதற்கு எத்தனை நாள் முன்னால் அந்த இடத்துக்காரர்களுக்குச் சொல்வோம், யார் நேரில் போய்ச் சொல்வது, அதற்கப்புறம் அவர்கள் யாரைக் கூப்பிடுவது. அலுவலகத்தில் "ரைட்டரம்மா விடைபெறும் படலம் வந்திருச்சு" என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். சமயபுரத்தில் பூச்சொரிதல் சமயம் கடைக்காரர்களுக்குள் இடத்தகராறு வந்தபோது, என் பெண் காவலர்களை இரண்டு வரிசைக்கும் நடுவில், நிழலே இல்லாத இடத்தில் நிறுத்தினேன். வெயிலில் நிற்க வைக்கிறீங்களே என்று திட்டினார்கள். பந்தல் போட்டுக் கொடுத்தேன், கடைப் பக்கம் ஒதுங்க விடவில்லை. டீ அலுவலகத்திலிருந்து கேனில் போனது. கடைசி நாளுக்கு முந்தின நாள் நானே ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, "நாளன்னிலேருந்து நாங்க இருக்க மாட்டோம், பாத்துக்குங்க, ஏதாவதுன்னா இந்த நம்பருக்குப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருத்தர் சிரித்தார். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அங்கே சண்டையே வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வந்தது. ஆனால் எங்களை நம்பி ஏமாந்ததால் யாருக்கும் அடிபடவில்லை.

மேலே முடிவு பண்ணுவார்கள் என்று நீ சொல்வாய். எனக்குத் தெரியாத மேலிடமா? கீழே எழுதாத எதையும் மேலே யாரும் யோசிப்பதில்லை, தம்பி. நீ எழுதிக் கொடுத்தால்தான் அவர்கள் கையெழுத்துப் போடும் தாளில் அது இருக்கும். உன் திட்டத்தில் அந்த ஒரு பக்கத்தைச் சேர். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. முகாமை ஒருவர் வீட்டு வாசலில் போடாதே. எவ்வளவு நல்ல மனுஷனாக இருந்தாலும், நல்ல மனுஷன் என்பதற்காகவே போடாதே. ஊருக்குப் பொதுவாக ஒரு மைதானமோ பள்ளிக்கூடமோ இல்லாமலா இருக்கும்? வாத்தியாரிடம் முதலிலேயே கேள், நாங்கள் போன பிறகு உங்களுக்கு இதனால் சங்கடம் வருமா என்று. அவர் இல்லை என்றுதான் சொல்வார், செல்லம்மாளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அவர் மனைவியிடமும் கேள், அந்த அம்மா உண்மையைச் சொல்வாள். "நாங்க இருக்கோம்" என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே, உன் ஆட்களையும் சொல்ல விடாதே. இத்தனை நாள் இருப்போம் என்று சொல். உத்தரவு எவ்வளவு அவசரமாக வந்தாலும், படகில் ஏறுவதற்கு முன்னால் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு நீயே அவர் வீட்டுக்குப் போ. வேறு ஆளை அனுப்பாதே. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து, நாங்கள் போகிறோம் ஐயா என்று சொல்லிவிட்டு வா. அதற்காக யாராவது உன்னைக் கடிந்துகொண்டால் என் பெயரைச் சொல்லு. பழைய ரைட்டரம்மா ஒருத்தி திருச்சியில் இருக்கிறாள், அவளிடம் பேசுங்கள் என்று சொல்லு.

இந்த வாரம் நானும் ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. துறையூருக்கு. விலாசம் தெரியாது, ஆனால் முப்பது வருஷம் போலீஸ் உத்தியோகம் பார்த்தவளுக்கு ஒரு விலாசம் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. அதைத் தேடாமல் இருந்ததுதான் பெரிய காரியம். அந்த வரியை அடித்தது நான்தான் என்று அவளிடம் சொல்லப்போகிறேன். அவள் கதவைச் சாத்தினாலும் சாத்தட்டும். அப்பாவையும் கூடக் கூப்பிடுவேன், பஸ் நேரம் சொல்வதற்கு ஆள் வேண்டுமே.

எழுதி முடித்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அன்னிக்கு வாசல்ல பையன் ரெண்டு தரம் சொல்லிட்டு, கார்ல ஏறினப்புறமும் கொல்லப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தான். டிரைவர் ஹாரன் அடிச்சாரு" என்றார். எனக்கு அது தெரியாது. கேட் சத்தத்துக்கப்புறம் குக்கரை இன்னும் அழுத்தித் தேய்த்ததில் ஹாரன் கேட்கவில்லை.

நான் கோபத்தில் கொல்லையில் நின்றுவிட்டேன், தம்பி. வெளியே வந்து இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு அரை நிமிஷம்தான் ஆகியிருக்கும். அன்றைக்கு நீ சொன்னதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

சரிப்பா. பத்திரமா போயிட்டு வா.

அம்மா